பச்சை இலை ஒட்டிய கேன்

ஸ்டேஷன் டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். குறையாகச் சொல்லவில்லை, கதிர்வேல் சார். காலையிலிருந்து நான்கு தடவை வாங்கிக் கொடுத்துவிட்டீர்கள். இன்ஸ்பெக்டர்கள் இப்படி உபசரிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. வாயால் சொன்னால் உங்கள் ஏட்டு தன் நடையில் எழுதிவிடுவார் என்பதால்தான் நானே எழுதித் தருகிறேன் என்று தாள் கேட்டேன். ஒரே இடத்தில் அரை மணி நேரம் உட்கார எனக்கு வராது. நடுநடுவே எழுந்து ஜன்னல் வரை போய் வருவேன். ஓடுகிற உத்தேசம் இல்லை. ஜன்னலில் கம்பி இருக்கிறது, வந்தவுடனே பார்த்துவிட்டேன்.

என் பெயர் அமிர்தராஜ். வயது நாற்பத்தேழு. வேதியியலில் டாக்டர் பட்டம். வீடு போத்தனூரில், வேலை பெரியநாயக்கன்பாளையத்தில், பிளாஸ்டிக் சுருளின் மேல் சோலார் அச்சடிக்கிற கம்பெனியில். மொட்டை மாடியில் நிறுத்துகிற கண்ணாடிப் பலகை இல்லை இது. பாய் மாதிரி சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போகலாம். பெரோவ்ஸ்கைட் என்று ஒரு படிகம் இருக்கிறது. அதைக் கரைத்து மையாக்கி, ஓடுகிற சுருளின் மேல் தலைமுடியைவிட மெல்லிசாகப் பூசி உலர்த்த வேண்டும். வெயில் பட்டால் கரண்ட் வரும். தோசை வார்க்கிற வேலைதான் என்று பார்க்க வருகிறவர்களிடம் சொல்வேன். தோசையில் இல்லாத ஒரு தொல்லை மட்டும் இதில் உண்டு. படிகத்தை நன்றாகக் கரைக்கிற திரவம் விஷம்.

அதற்கு டி.எம்.எஃப் என்று பெயர். பார்க்கத் தண்ணீர் போல இருக்கும், லேசாக மீன் வாடை அடிக்கும். மூச்சு வழியாகவும் போகும், தோல் வழியாகவும் போகும், போய் ஈரலைப் பிடிக்கும். இதை நான் இருபத்தோரு வயதிலேயே படித்தவன். எனக்குத் தெரியாது என்று இந்தத் தாளில் எங்கேயும் எழுதப்போவதில்லை.

எங்கள் முதலாளி சுந்தரராஜுலு பம்ப் செட் செய்து முன்னுக்கு வந்த குடும்பம். நல்ல மனிதர். ஊர் ஊருக்கு ஒரு சின்ன ஷெட் போட்டு, அதில் பத்துப் பத்துப் பெண்கள் சோலார் அச்சடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. புகைபோக்கி கூடாது, முகமூடி கூடாது. "வெசத்தை வெச்சுட்டு பொம்பளைங்களை எப்படிங்க டாக்டர் உள்ளார விடறது? வெசமில்லாம ஒண்ணு கண்டுபுடிங்க" என்றார்.

கண்டுபிடித்தேன். இதை மட்டும் யாரும் என்னிடமிருந்து பிடுங்கக் கூடாது. கரும்புச் சக்கையிலிருந்து எடுக்கிற ஒரு கரைப்பான். ஆய்வுக்கூடத்தில், உள்ளங்கை அகலத் துண்டில், பிரமாதமாக வந்தது. அதற்கென்று வெள்ளைக் கேன் வாங்கி, மேலே ஒரு பச்சை இலைப் படம் ஒட்டினோம். அந்த இலையை வரைந்ததும் நான்தான். பழைய டி.எம்.எஃப் நீலப் பீப்பாய்கள் ஐந்தையும் ஷெட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, அழிக்க அனுப்பியாயிற்று என்று கையெழுத்துப் போட்டேன். அனுப்பவில்லை. அப்போது மனதில் எந்தக் கள்ளமும் கிடையாது. லாரி வரவில்லை, அவ்வளவுதான்.

சாராள் பூச்சு இயந்திரத்தில் நின்றவள். முப்பத்திரண்டு வயது. வால்பாறை எஸ்டேட் லைனில் பிறந்தவள், ரயில்வேயில் இருக்கிற மெல்வினைக் கட்டிக்கொண்டு போத்தனூருக்கு வந்தாள். எங்கள் சபைதான். சர்ச்சில் என்னை அண்ணா என்பாள், கம்பெனியில் சார் என்பாள். ஒரு தடவைகூட மாற்றிச் சொன்னதில்லை. எங்களிடம் வருவதற்கு முன் பத்து வருடம் பனியனில் படம் அச்சடிக்கிற பட்டறையில் இருந்தாள். அந்தப் பட்டறைக்காரர்கள் ஈரத்தைக் கண்ணால் பார்ப்பதில்லை, விரலால் பார்ப்பார்கள்.

எங்கள் இயந்திரத்தில் மை இறங்குகிற வாய் ஒரு முழ நீளப் பிளவு. அதன் இடைவெளி கோடிக்குக் கோடி ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுருள் முழுக்கக் கோடு விழும். அதனால் ஒவ்வொரு சுருளுக்கும் முன்னால் மை இல்லாமல் வெறும் கரைப்பானை ஓடவிட்டுப் பார்ப்போம். சாராள் அந்த உதட்டில் கட்டைவிரலை வைத்து மெதுவாக இழுப்பாள். "இந்தப் பக்கம் ஒரு துளி கம்மிங்க சார்" என்பாள். திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பினால் சரியாகிவிடும். வெளிநாட்டு சென்சார் அதையே சொல்லப் பத்து நிமிடம் எடுக்கும், சொல்வதும் தப்பாக இருக்கும். டி.எம்.எஃப் காலத்தில் கையுறையோடு நின்றபோது அவளும் மற்றவர்களைப் போலத்தான் இருந்தாள். பச்சை இலைக் கேன் வந்த அன்று, கையுறையைக் கழற்றிவிட்டுப் பார் என்று நான்தான் சொன்னேன். அன்றோடு கோடுகள் நின்றன.

மையில் ஈயம் உண்டு. ஆகையால் மை ஓடும்போது கையுறை கட்டாயம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோருடைய ரத்தத்திலும் ஈயம் பார்ப்போம். இந்த விஷயத்தில் நான் கண்டிப்பானவன் என்று ஷெட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இப்போது எழுந்து ஒரு நடை போய்விட்டு வந்தேன். உங்கள் ஏட்டு கதவருகில் வந்து நின்றுகொண்டார். பாவம்.

சின்னத் துண்டில் வந்தது பெரிய சுருளில் வரவில்லை. கரும்புக் கரைப்பான் உலர நேரம் எடுக்கும். அதற்குள் படிகம் கண்டபடி வளர்ந்து இடையில் ஊசிமுனை ஓட்டைகள் விழுந்தன. சுருட்டினால் விரிசல். பட்ட வெயிலில் ஆறு சதவீதம்கூடக் கரண்டாக மாறவில்லை. முதலாளி ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. தினமும் வந்து மீட்டரைப் பார்த்துவிட்டு "பாக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அதற்குத் திட்டியிருக்கலாம். டில்லியிலிருந்து அரசாங்க ஆட்கள் பார்க்க வருகிறார்கள் என்று தேதியும் வந்துவிட்டது. நான் ஷெட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். வீட்டிலும் அப்படித்தான். "ஒரு எடத்துல உக்காருங்களேன், எனக்கே தலை சுத்துது" என்பாள் என் மனைவி டீனா. சோறு இறங்கவில்லை. கையைக் கழுவுவேன், மறுபடியும் கழுவுவேன்.

ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, ஷிப்ட் பஸ் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், நீலப் பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்து வெள்ளைக் கேனில் கலந்தேன். ஐந்து சதவீதம். சாம்பாரில் பெருங்காயம் மாதிரி. அன்று மீட்டர் எட்டு காட்டியது. அடுத்த வாரம் பத்து சதவீதம் கலந்தேன். பிறகு இருபது, நாற்பது. சுருள் கண்ணாடி போலக் கறுத்துப் பளபளத்தது. மீட்டர் பதினான்கைத் தொட்ட அன்று முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. ஏப்ரல் முடிவதற்குள் அந்தக் கேனில் கரும்பு ஐந்து சதவீதம்தான் மிச்சம்.

புகை இழுக்கிற விசிறியை முன்பே நிறுத்தியிருந்தோம். காற்று பட்டால் பூச்சு அலையடிக்கும், விஷமில்லாத திரவத்துக்கு விசிறி எதற்கு என்று. மீன் வாடை அடிக்கிறதே என்று கேட்டவர்களிடம், அது மையில் போடுகிற உப்பின் வாடை என்றேன். அந்த உப்புக்கும் மீன் வாடை உண்டு. அது பொய் இல்லை.

மைக்கு ஒரு கேன், விரல் வைத்துப் பார்க்கிற கரைப்பானுக்குக் கலப்பில்லாத கேன் ஒன்று என்று இரண்டாக வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். வைத்திருக்கலாம். ஆனால் ஒரே மாதிரி இரண்டு கேன் இருந்தால் ஏன் என்று ஸ்டோர் பார்க்கிற அஃப்ரா கேட்பாள். கேள்வி கேட்கிற பெண். ஒரே கேனாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

டில்லிக்காரர்கள் வந்த அன்று சாராள் ஒரு குவளையில் கரைப்பானை ஊற்றி, மணிக்கட்டு வரை கையை விட்டுக் காட்டினாள். யோசனை முதலாளியுடையது. நான் வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். "பாருங்க, ஒண்ணும் பண்ணாதுங்க" என்று அவள் சிரித்ததைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அடுத்த கட்டமாக, நூறு மீட்டர் சுருளை நிறுத்தாமல் ஓட்டிக் காட்டினால் நாற்பது ஊர்களில் ஷெட் போட அனுமதி என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஜூன் மாதம் முதல் ஞாயிறு. எங்கள் சபையில் மாதம் ஒருமுறை அப்பமும் ரசமும் எடுக்கிற திருவிருந்துக்கு நிஜமான திராட்சரசம்தான். பெண்கள் சங்கத்தார் மூன்று மாதம் ஊறவைத்துப் புளிக்கவைத்துச் செய்வது. ஆளுக்கு ஒரு மடக்கு. சாராளும் மெல்வினும் எனக்கு முன்வரிசையில் இருந்தார்கள். கடைசிப் பாட்டின்போது சாராளின் கழுத்து சிவந்தது. பிறகு காது, கன்னம், நெற்றி, மிளகாய் அரைத்துப் பூசினது போல. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வெயில், வெயில் என்று சொல்லிப் பெண்கள் விசிறினார்கள்.

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. டி.எம்.எஃப் உடம்பில் ஏறியவர்கள் ஒரு மடக்கு மது குடித்தாலும் முகம் அப்படிச் சிவக்கும். ஈரல் கெடுவதற்கு முன்னால் காட்டுகிற அறிகுறி அது. நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனையாவது பாட்டு என்றுகூட நினைவிருக்கிறது. உங்களுக்கு அது தேவைப்படாது.

ஜூலையிலும் அதேதான். இந்தத் தடவை விசிறியவர்கள் கம்மி, பார்த்தவர்கள் அதிகம். அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், திருவிருந்து எடுக்கிறவர்களுக்குத் தண்டனை வரும் என்று எங்கள் ஆயர் மாதாமாதம் எச்சரித்துவிட்டுத்தான் பந்திக்கு அழைப்பார். வெளியே செருப்பு மாட்டும்போது யாரோ அந்த வார்த்தையை மெதுவாகச் சொன்னார்கள். அது சாராளின் காதில் விழுந்துவிட்டது. வண்டி நிறுத்துகிற இடத்துக்கு என் பின்னாலேயே வந்தாள்.

"ஏனுங்ணா, ஒண்ணு கேக்கலாங்களா?"

"சொல்லு அம்மணி."

"நான் அபாத்திரமா எடுத்துப்போட்டேனுங்களா?"

நான் வண்டிச் சாவியைத் தேடினேன். அது கையிலேயேதான் இருந்தது.

"எங்கம்மா வால்பாறையில சாகக் கெடந்தப்ப நான் போகாம இருந்துபோட்டேனுங்ணா. ரோலு ஓடிட்டு இருந்துச்சு, அடுத்த வாரம் போலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அம்மா போயிருச்சு. அதுக்குத்தானுங்களா இப்படி ஆகுது?"

அப்போது அவள் கேட்ட லீவை மறுத்தது நான். அதை அவள் குத்திக்காட்டவில்லை. அவளுக்கு அப்படி ஒரு நினைப்பே வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"மனசு சமாதானமாகற வரைக்கும் திருவிருந்து எடுக்காம இரு அம்மணி. ஜெபம் பண்ணிக்கோ" என்றேன்.

யோசித்துப் பாருங்கள் சார். அந்த நிலையில் இருக்கிற ஈரலுக்கு மது ஆகாது. எந்த டாக்டரும் அதைத்தான் சொல்லியிருப்பார். நான் சொன்னது சரியான அறிவுரை.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு எல்லோரும் பந்திக்கு எழுந்து போனபோது சாராள் தலையைக் குனிந்துகொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நானும் எழுந்திருக்கவில்லை. சபைக் கமிட்டியில் இருப்பவன் நான், ஆகவே பலர் திரும்பிப் பார்த்தார்கள். முடிந்ததும் அவள் வந்தாள். கண் நிறைந்திருந்தது. "எனக்காகத்தானுங்ணா நீங்களும் எடுக்கல? நான் மட்டும் தனியா உக்காந்திருக்கக் கூடாதுன்னு" என்றாள். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

செப்டம்பரில் அவள் கண் மஞ்சளாகிவிட்டது. சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கம்பெனி சார்பில் நான் போயிருந்தேன். டாக்டர் நேஹா என்று சின்ன வயதுப் பெண், கெட்டிக்காரி. முதலில் மெல்வினிடம் கேட்டார், குடிப்பார்களா என்று.

"மாசம் ஒருக்கா சர்ச்சுல குடுக்கறதுதானுங்க. அதையும் இப்ப நிறுத்திட்டா" என்றான் மெல்வின்.

பிறகு என் பக்கம் திரும்பி, வேலையில் என்ன கெமிக்கல் புழங்குகிறது, சரியாகச் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் வைத்தியம் என்றார். நான் பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். கரும்புக் கரைப்பானின் பாதுகாப்புத் தாள், இலைப் படத்தோடு. நிதானமாக இரண்டு பக்கமும் படித்தார். "இதுல ஈரலைப் பாதிக்கற மாதிரி ஒண்ணும் இல்லையே சார்" என்றார். இல்லைதான். அந்தத் தாளில் ஒரு எழுத்துகூடத் தப்பு கிடையாது.

குடி என்ற சந்தேகம் அந்த அறையில் அப்படியே நின்றுவிட்டது. போத்தனூரில் அது அவர்கள் தெரு வரைக்கும் போயிற்று. வீட்டில் பாட்டில் எங்காவது ஒளித்திருக்கிறாளா என்று மெல்வின் அலமாரியைக் குடைந்து பார்த்திருக்கிறான். என்னிடம் சொல்லி அழுதான்.

பதினெட்டு நாளில் சாராள் தேறிவிட்டாள். மருந்தால் என்று டாக்டர் நினைத்தார், ஜெபத்தால் என்று சபை நினைத்தது. கேன் பக்கம் போகாததால் என்று எனக்கு மட்டும் தெரியும். அத்தோடு விட்டிருந்தால் அவள் இன்று உயிரோடு இருப்பாள். இந்த இடத்தில் சுற்றிவளைக்க ஒன்றும் இல்லை.

நூறு மீட்டர் சுருளுக்குத் தேதி வந்தது. வேறு மூன்று பேரை நிறுத்திப் பார்த்தேன். மூன்று பேரும் கோடு கோடாக அடித்தார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாத்துக்குடி வாங்கிக்கொண்டு சாராள் வீட்டுக்குப் போனேன். முகத்தில் சதை பிடித்திருந்தது. கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

"உன் கை இல்லாம மெஷின் ஓட மாட்டேங்குது அம்மணி" என்றேன்.

"இன்னொரு மாசம் போகட்டுமுங்ணா" என்றான் மெல்வின். "ஒடம்பு இன்னும் தேறோணும்."

"வேலையால வந்ததில்லன்னு டாக்டரே சொல்லிப்போட்டாங்கல்ல" என்றாள் அவள் அவனிடம். என் பக்கம் திரும்பி, "நான் திங்கக்கெழம வாரேனுங்ணா" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. அவள் இல்லாமல் ஓடாது என்று அதற்கு முன் யாரும் அவளிடம் சொன்னதில்லை போலிருக்கிறது. மெல்வின் எனக்கு டீ கொடுத்தான். குடித்துவிட்டு வந்தேன்.

பதினாறு நாள் வந்தாள். தினமும் ஆறேழு தடவை அந்த உதட்டில் கட்டைவிரலை இழுத்தாள். கடைசி நாள் டில்லிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நூறு மீட்டரும் ஒரு கோடு இல்லாமல் வந்தது. அவ்வளவு அழகான பூச்சை நான் எந்த நாட்டிலும் பார்த்ததில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். அவள் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பதினோராம் நாள் முடிந்துவிட்டது.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடிந்ததும் மெல்வின் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"தெனமும் எட்டு மணி நேரம் உங்க கண்ணு முன்னால இருந்தவ. மறைச்சுக் குடிச்சிருப்பாளாங்ணா?"

"யாருக்குத் தெரியும் மெல்வின். விடு" என்றேன்.

அவள் குடிக்கவில்லை. இதை நீங்கள் மெல்வினிடம் சொல்லிவிட்டால் நல்லது. நானே சொல்லியிருப்பேன், நேரம் வாய்க்கவில்லை.

மீதி உங்களுக்குத் தெரியும். அஃப்ரா ஒரு நாள் புதிதாக வந்த பச்சை இலைக் கேனையும், நான் கலந்து வைத்த கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மோந்து பார்த்திருக்கிறாள். "உப்பே போடாத கேன்ல மீன் வாடை எப்படிங்க சார்?" என்று கேட்டாள். நான் கலந்த கேனைப் பூட்டி வைத்து, நேராக உங்களிடம் கொண்டுவந்துவிட்டாள். நான் பயிற்சி கொடுத்த பெண்தான். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீலப் பீப்பாயிலிருந்து கலந்தது நான். எதைக் கலக்கிறேன் என்று தெரிந்து கலந்தேன். முகம் சிவந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், தெரிந்த பிறகும் தொடவைத்தேன், தேறி எழுந்தவளைத் திரும்பக் கூட்டிவந்து தொடவைத்தேன். முதலாளிக்கு எதுவும் தெரியாது. சாராளின் சாவுக்கு நான் ஒருவன்தான் பொறுப்பு. கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. அவளுக்காக ஒரு நாளாவது வருத்தப்பட்டாயா என்று காலையில் கேட்டீர்கள். நான் பதில் சொல்வதற்குள், மெல்வினே எனக்காகப் பரிந்து பேசியதாக நீங்களே சொன்னீர்கள். ஆகஸ்ட்டிலிருந்து அமிர்தராஜ் அண்ணன் திருவிருந்து எடுக்கவில்லை, சாராளுக்குத் துணையாகத்தான் அப்படி இருந்தார், அவள் போன பிறகும் எடுக்கவில்லை என்று. சபை முழுக்க அப்படித்தான் நினைக்கிறது. டீனாவும் அப்படித்தான் நினைக்கிறாள். நல்ல பெயர்தான், ஆனால் வாக்குமூலம் என்று எழுத உட்கார்ந்த பிறகு சரியாக எழுத வேண்டும். தினமும் காலை ஏழு மணிக்கு அந்தப் பீப்பாயைத் திறந்து ஊற்றியவன் நான். மூன்று அடுக்குக் கையுறை போட்டிருந்தேன், முகமூடியும் போட்டிருந்தேன். இருந்தாலும் துளியாவது உள்ளே போயிருக்கும். அதை வைத்துக்கொண்டு திராட்சரசம் குடிப்பது உடம்புக்கு நல்லதில்லை.